கைத்திறனும் கல்வியும்

கண்டியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை மாத்தளை நகரை ஊடறுத்து, நாலந்தை, நாவுல, தம்புள்ளை ஆகிய ஊர்களைக் கடந்து யாழ்ப்பாணம் வரை நீள்கின்றது. மலையகத் தமிழரின் வரலாற்றில் இந்த வடக்குப் பாதைக்குத் தனியிடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளையை வந்தடைந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது 1880ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன் வந்தவர்க்கு இரண்டு கால்களே வாகனம்.

அன்று கால்கள் தேய்ந்த வழியில் இன்று சில்லுகள் உருள்கின்றன. மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோவிலை அடுத்த பெருந்தெருவில் சிறிது நேரம் நிற்பவருக்கு இவ்வுண்மை தானே புலப்படும். பாடசாலைக்குப் பிள்ளையை ஏற்றிச் செல்லும் தந்தை, மிளகுச் சாக்கைப் பின்னாற் கட்டிக்கொண்டு சந்தைக்கு வரும் கமக்காரர், தோட்டத்து லயத்திலிருந்து நகரத்துக் கடைக்கு வேலைக்கு வரும் இளைஞர் எனப் பலரும் மோட்டார் சைக்கிளிலேயே செல்கின்றனர். இலங்கையில் பதிவு பெற்ற வாகனங்களுட் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. அவற்றோடு பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட முச்சக்கர வண்டிகளும் பதிவாகியுள்ளன. பேருந்து போகாத தோட்டப் பாதையிலும் இவை போகின்றன. நள்ளிரவில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பது பல வேளைகளில் அயலவர் ஒருவரின் முச்சக்கர வண்டியாகவே இருக்கின்றது.

இவ்வண்டிகள் யாவும் ஓடுந்தோறும் தேய்கின்றன. தேய்ந்ததைத் திருத்தி மீண்டும் ஓடச் செய்பவர் யார்? சாலையோரத்துத் தகரக் கொட்டகையில், எண்ணெய் படிந்த கைகளோடு குனிந்திருக்கும் தொழிலாளியே. அவர் இல்லையெனில் அரைநாளில் ஊர் நின்றுவிடும். இருந்தும், அத்தொழிலைத் தம் மகனுக்கென விரும்பிக் கேட்கும் பெற்றோர் அரியர். பரீட்சையிற் தவறிய பிள்ளைக்கு வேறு வழியில்லாதபோது கொடுக்கும் ஆறுதற் பரிசாகவே அது எண்ணப்படுகின்றது. இவ்வெண்ணம் சரிதானா? இத்தொழிலை முறையாகக் கற்க வழி உண்டா? கற்றால் என்ன பயன்? இம்மூன்று வினாக்களும் மாத்தளை மாவட்டத்து இளைஞர் பலரின் வாழ்வோடு பிணைந்தவை.

முதலில் மாவட்டத்தின் இயல்பை நோக்குவது நலம். ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இம்மாவட்டம் இருவேறு உலகங்களைத் தன்னுள் அடக்கியது. தெற்கிலும் கிழக்கிலும் மலைகள். ரத்தோட்டையிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் பாதை வளைவும் செங்குத்தும் நிறைந்தது. மழையும் மூடுபனியும் அங்கு வழக்கம். வடக்கே தம்புள்ளை, கலேவெல முதலிய பகுதிகள் உலர்வலயத்தைச் சேர்ந்தவை. அங்கே வெயிலும் புழுதியும் மிகுதி. காலையில் மலைச்சரிவில் இறங்கிய வண்டி மாலையில் தம்புள்ளைச் சந்தையின் தூசிக்குள் நிற்பதுண்டு.

இவ்வேறுபாட்டைத் திருத்துபவர் அறிந்திருத்தல் வேண்டும். மலைச்சரிவில் நெடுந்தூரம் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும். தாழ்ந்த கியரில் எஞ்சினின் இழுவையைக் கொண்டே வேகத்தை அடக்கி இறங்குவது முறை. ஆகவே ரத்தோட்டைப் பக்கத்து வண்டியில் முதலிற் பார்க்க வேண்டியது பிரேக்கின் தேய்வு. புழுதிப் பகுதியிலோ முதலிற் பார்க்க வேண்டியது காற்று வடிகட்டி. அது அடைபட்டால் எஞ்சினுக்குக் காற்றுக் குறைந்து பெற்றோல் வீணாகும். கிழிந்தாலோ தூசி உள்ளே புகுந்து சிலிண்டரையும் பிஸ்டன் வளையங்களையும் அராவிவிடும். சில நூறு ரூபாவோடு முடியவேண்டிய வேலை எஞ்சினையே பிரிக்கும் செலவில் முடியும்.

இம்மாவட்டத்துக்கு வேறொரு தேவையும் உண்டு. 1982இல் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்ட சீகிரியாவும், 1991இல் அவ்வாறே ஏற்கப்பட்ட தம்புள்ளைக் குகைக் கோவிலும் இங்கேயே உள்ளன. அவற்றைக் காண வரும் வெளிநாட்டார் பலர் வாடகை மோட்டார் சைக்கிளிலும், முச்சக்கர வண்டியிலும், கூரை திறந்த ஜீப்பிலும் சுற்றுகின்றனர். உல்லாசப் பயணத்துக்கு வாடகைக்கு விடும் வண்டி நடுவழியில் நிற்றலாகாது. அதன் பிரேக்கும் டயரும் ஐயத்துக்கு இடமின்றி இருத்தல் வேண்டும். முன்பின் அறியாத சாலையில், அறியாத வண்டியில் செல்பவரின் உயிர் அதைச் செப்பனிட்டவரின் கையில் இருக்கின்றது.

இனி, இத்தொழில் இன்று எவ்வாறு கற்கப்படுகின்றது என்பதைப் பார்க்கலாம். இலங்கையிற் கைதேர்ந்த தொழிலாளியை ‘பாஸ்’ என்று அழைப்பது வழக்கம். ஒல்லாந்தரின் மொழியிலிருந்து சிங்களத்துக்கும், அங்கிருந்து தமிழர் பேச்சுக்கும் வந்து நிலைத்த சொல் அது. பாடசாலையை விட்ட பையன் ஒருவன் பாஸ் ஒருவரிடம் சேர்கின்றான். முதல் ஆறு மாதம் தேநீர் வாங்கி வருவதும், பாகங்களைப் பெற்றோலிற் கழுவுவதும் அவன் வேலை. பின்னர் டயர் ஒட்டுகின்றான், செயினை இறுக்குகின்றான், எண்ணெய் மாற்றுகின்றான். இரண்டு மூன்று ஆண்டுகளில், வண்டி தூரத்தில் வரும்போதே ஓசையைக் கேட்டு இன்ன குறை என்று சொல்லும் செவி அவனுக்கு வாய்த்துவிடுகின்றது.

இம்முறையை இழித்துப் பேசுதல் தவறு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. கையால் தொட்டறியாத எந்திரத்தைப் புத்தகம் படித்துத் திருத்த எவராலும் இயலாது. நட்டு ஒன்றை எவ்வளவு இறுக்கினால் பிடிக்கும், எவ்வளவு இறுக்கினால் புரி அறும் என்னும் அறிவு முதலில் மணிக்கட்டிற்கு வருகின்றது. பிறகே மனத்திற்கு வருகின்றது. பொறுமை, வாடிக்கையாளரோடு பேசும் பண்பு, கருவியைப் பேணும் ஒழுக்கம் ஆகியவற்றையும் நல்ல பாஸ் ஒருவரிடமிருந்து கற்பதைப் போல வேறெங்கும் கற்க முடியாது.

எனினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. பாஸ் அறிந்தது மட்டுமே சீடனுக்கு வரும். அவர் அறியாதது வாராது. ‘இப்படிச் செய்’ என்பது கொட்டகையிற் கிடைக்கும். ‘இது ஏன்’ என்னும் வினாவுக்கு விடை பெரும்பாலும் கிடைப்பதில்லை. காரணம் அறியாதவன் பழகிய குறையைத் தீர்ப்பான். பழகாத குறை வந்தால் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பான். அவ்வாறு மாற்றிப் பார்க்கும் செலவு முழுவதும் வண்டிக்காரர் தலையில் விழும்.

சிறியதோர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். எஞ்சினிற் பொறி எழுப்பும் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்த்தால், உள்ளே நடப்பது எழுதி வைத்தது போலத் தெரியும். முனை இளம் பழுப்பு நிறமாக இருந்தால் எரிதல் சீராக நடைபெறுகின்றது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி, அல்லது காற்றுக் குறைவு. எண்ணெய்ப் பசையோடு நனைந்திருந்தால் பிஸ்டன் வளையங்களின் வழியாகவோ வால்வின் வழியாகவோ எண்ணெய் மேலேறுகின்றது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுகின்றது. காரணம் கற்றவன் பிளக்கைப் பார்த்து எஞ்சினை அறிகின்றான். கல்லாதவன் புதிய பிளக்கை மாட்டி அனுப்பிவிடுகின்றான். ஒரு மாதத்தில் அதே வண்டி திரும்பி வருகின்றது.

எந்திரமும் மாறாது நிற்பதில்லை. இருதட்டு எஞ்சின் பூட்டிய முச்சக்கர வண்டிகளைத் திருத்தியே வாழ்க்கை நடத்தியவர் ஒரு காலத்திற் பலர். புகையின் மிகுதியால் அவ்வகை வண்டிகளின் இறக்குமதி 2008ஆம் ஆண்டிலிருந்து நிறுத்தப்பட்டது. நாற்றட்டு எஞ்சின் அவ்விடத்தைப் பிடித்தது. இலங்கைச் சாலைகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களுட் பெரும்பங்கு இந்தியாவிற் செய்யப்பட்டவை. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாக்கப்பட்டன. அதன் பின்னர் அங்கே காபரேட்டர் மறைந்து, மின்னணுக் கருவியின் ஆணைப்படி பெற்றோலைத் தெளிக்கும் முறை பெருவழக்காயிற்று. இப்போது மின்கலத்தால் ஓடும் வண்டிகளும் வந்துவிட்டன.

காபரேட்டரைத் திருகாணியைத் திருப்பியும் ஓசையைக் கேட்டும் சீர்செய்யலாம். மின்னணு முறையில் குறை எங்கேயென்று செவி மட்டும் சொல்லாது. மின்னழுத்தம் அளக்கும் மீற்றரைப் பிடிக்கத் தெரிதல் வேண்டும்; கம்பித் தொடர்பின் படத்தை வாசிக்கத் தெரிதல் வேண்டும்; வண்டியின் விளக்கு மின்னி மின்னிச் சொல்லும் குறியீட்டின் பொருள் தெரிதல் வேண்டும். நேற்றுவரை செவியும் கையும் போதுமாயிருந்த தொழிலுக்கு இன்று எழுத்தும் எண்ணும் இன்றியமையாதனவாகிவிட்டன. இஃது இளைஞரை அச்சுறுத்தச் சொல்வதன்று. எழுத்தறிவு பெற்ற தலைமுறைக்கு இத்தொழிலில் புதிய கதவு திறந்திருக்கின்றது என்பதே இதன் பொருள்.

கைத்திறனும் கல்வியும் ஒன்றையொன்று தேடிச் சென்ற வரலாற்றுக்குச் சான்றாக இருவரைக் குறிப்பிடலாம். முதலாமவர் தமிழ்நாட்டில் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு. பாடசாலைப் படிப்பில் மனம் ஒன்றாத அவர், ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவகம் ஒன்றில் பணியாளாக அமர்ந்து, பொருள் சேர்த்து, அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். ஏறி ஊர்சுற்றுவதற்கு முன் அதைக் கழற்றிப் பிரித்து, மீண்டும் பூட்டிப் பார்த்தார் என்பர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கியவர், பின்னர் பெரும் போக்குவரத்து நிறுவனத்தையே நிறுவினார். பட்டம் பெறாத அவர் செல்வம் சேர்ந்ததும் செய்த காரியங்களுள் ஒன்று தொழிற்கல்விக் கூடம் அமைத்ததாகும். 1945இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரால் தொடங்கப்பட்ட தொழில்நுட்பப் பள்ளிக்கு அவரே உயிராக இருந்தார். பயிற்சிக் காலம் குறுகியதாகவும், பட்டறையோடு ஒட்டியதாகவும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

இரண்டாமவர் ஜப்பான் நாட்டின் சொய்ச்சிரோ ஹோண்டா. 1906இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்த அவர், 1922இல் தோக்கியோ நகரத்து மோட்டார் கராஜ் ஒன்றில் பையனாகச் சேர்ந்தார். தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்த வேலை முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வதே. பொறுமையோடு இருந்து தொழில் கற்று, 1928இல் தம் ஊர்ப் பக்கமான ஹமமட்சுவில் கிளை ஒன்றைப் பொறுப்பேற்றார். பின்பு பிஸ்டன் வளையங்களைத் தாமே வார்க்க முனைந்தபோது, அவை தரம் தேறாது உடைந்தன. கையில் எத்துணைத் திறமை இருந்தும் உலோகத்தின் இயல்பு தமக்குத் தெரியவில்லை என்பதை உணர்ந்தார். முப்பது வயதை நெருங்கிய நிலையில், இளைஞரோடு ஒருவராகத் தொழில்நுட்பப் பள்ளியின் வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்டார். 1948இல் அவர் நிறுவிய நிறுவனத்தின் பெயர் இன்று மாத்தளைச் சந்திகளில் நிற்கும் பல வண்டிகளின் பெற்றோல் தாங்கியில் எழுதப்பட்டுள்ளது. கொட்டகையிலிருந்து வகுப்புக்குப் போவதில் வெட்கத்துக்கு இடமில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இலங்கையிலும் தொழிற்கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. கொழும்பு மருதானையில் தொழில்நுட்பக் கல்லூரி 1893இல் தொடங்கப்பட்டது. 1958 ஜனவரி 1ஆம் நாள் தனியார் பேருந்துக் கம்பனிகள் நாட்டுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபோது, அப்பேருந்துகளைப் பேணத் தேர்ந்த தொழிலாளர் வேண்டியிருந்தது. அதன் விளைவாக 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் ஒன்று நிறுவப்பட்டது. பின்னர் மொறட்டுவைக்கு இடம்மாறிய அந்நிறுவகத்திற் பயின்றவர் மோட்டார்த் தொழிலில் இன்றும் பெருமதிப்புப் பெறுகின்றனர். 1971ஆம் ஆண்டின் சட்டம் பயிலுநர் முறையை ஒழுங்குபடுத்தியது. அவ்வழி வந்ததே தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை. 1995இல் தொழிற்பயிற்சி அதிகார சபை சட்டத்தால் அமைக்கப்பட்டது. கிராமப்புற இளைஞரை நோக்கி மாவட்டந்தோறும் பயிற்சி நிலையங்களை நடத்துவது இச்சபையின் பணி. மாத்தளை மாவட்டமும் அதில் அடங்கும்.

இந்நிறுவனங்கள் தரும் மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டிப் பயிற்சி பெரும்பாலும் பட்டறை வேலையாகவே அமைகின்றது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டுதல், வால்வு இடைவெளியை அளவுகோல் கொண்டு சரிபார்த்தல், பிரேக், கிளச், மின்சாரப் பகுதி ஆகியவற்றைச் சோதித்தல் என்பன அதன் பாடங்கள். பின்னர் உண்மையான கராஜ் ஒன்றிற் பயிலுநராக வேலை செய்யும் காலமும் உண்டு. ஆகவே கொட்டகையில் கற்பதற்கு இப்பயிற்சி பகையன்று, அதற்கு அடித்தளம்.

கொட்டகையில் எவரும் சொல்லித்தராத சிலவற்றையும் இங்கு கற்கலாம். பழைய பிரேக் பூச்சுக்களிற் கல்நார் கலந்திருக்கக்கூடும். அத்தூளை வாயால் ஊதுவது நுரையீரலுக்குப் பெருந்தீங்கு. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பு. கழிவெண்ணெயை ஓடையில் ஊற்றினால் அது சுது கங்கையைச் சென்றடையும். அவ்வாற்று நீரிற் குளிப்போரும் பயிர்செய்வோரும் பலர். இவை சிறிய செய்திகள் போலத் தோன்றும். ஆயினும் நாற்பது வயதில் இருமத் தொடங்கும் தொழிலாளிக்கும், அவர் குடும்பத்துக்கும் இவை சிறியன அல்ல.

பயிற்சியின் முடிவிற் கிடைப்பது தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ். தகைமைகள் ஏழு மட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளன. முதல் நான்கு மட்டங்கள் தொழிற் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. சாதாரண தரப் பரீட்சையிற் சித்தி எய்தாத ஒருவர் தாழ்ந்த மட்டத்தில் நுழைந்து, உழைப்பால் படிப்படியாக ஏறுதற்கு இவ்வமைப்பு இடந்தருகின்றது. பாடசாலைக் கதவு மூடியதோடு கல்வியின் கதவும் மூடிவிட்டது என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. அதனை அறிந்தோர் மிகச் சிலரே. பத்து ஆண்டுகளாகக் கொட்டகையில் வேலை செய்த ஒருவர், மீண்டும் முதல் வகுப்பிலிருந்து பயில வேண்டியதில்லை. முன்பே பெற்ற திறனை ஏற்று அங்கீகரிக்கும் முறை இவ்வமைப்பிற் சேர்ந்துள்ளது. செய்து வந்த வேலைக்கான சான்றுகளோடு விண்ணப்பித்து, மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்து காட்டித் தேறினால், பயிற்சி நிலையத்திற் படித்தவர் பெறும் அதே சான்றிதழ் அவருக்கும் உரியதாகும். குறை காணப்படும் பகுதியை மட்டும் கற்றுக்கொண்டு மீண்டும் வரலாம்.

ஒரு தாளில் என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்கலாம். மலையகத்தில் அவ்வாறு கேட்பவர் தம் வரலாற்றை மறந்தவராவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இன்னார் என்று காட்டும் ஒரு தாள் இல்லாமையால், தலைமுறைகளாக உழைத்த மண்ணிலேயே அவர்கள் அயலாராயினர். எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003ஆம் ஆண்டில்தான். திறமை இருந்தும் அத்திறமையைக் காட்டும் தாள் இல்லாதவர் நிலையும் தொழில் உலகில் ஏறக்குறைய அதுவே. வங்கிக் கடன் கேட்கும்போதும், பெரிய நிறுவனத்தின் பழுதுபார்க்கும் நிலையத்தில் வேலை கேட்கும்போதும், வெளிநாடு செல்ல முற்படும்போதும் கைத்திறனுக்கு அத்தாட்சி எங்கே என்ற வினா எழுகின்றது. கையை நீட்டிக் காட்டினால் எவரும் ஏற்பதில்லை.

வழிகள் இருந்தும் மாத்தளைத் தோட்டத்து இளைஞர் பலர் அவற்றை அடையாததற்குக் காரணங்கள் உண்டு. முதற் காரணம் மொழி. மாவட்டத்தில் தமிழ் பேசுவோர் சிறுபான்மையினர்; அவர்களும் தோட்டந்தோறும் சிதறி வாழ்கின்றனர். ஓரிடத்தில் ஒரு வகுப்புக்குப் போதிய தமிழ் மாணவர் சேராவிடில் வகுப்பு சிங்களத்திலேயே நடைபெறும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியென ஏற்றுள்ளது. ஆயினும் உரிமை ஏட்டில் இருந்தாற் போதாது. வகுப்பறையில் ஆசிரியராகவும் பாடநூலாகவும் அது உருக்கொள்ளல் வேண்டும். சிதறிய மாணவரை ஒன்றுசேர்த்துப் பெயர்ப்பட்டியலோடு விண்ணப்பித்தால் தமிழ் வகுப்புக் கேட்பதற்கு வலிமை பிறக்கும். இது தோட்டத்து ஆசிரியரும், கோவிற் சபையினரும், இளைஞர் கழகத்தினரும் செய்யக்கூடிய பணி. அதே வேளையில் சிங்களம் கற்றுக்கொள்வதும் இம்மாவட்டத்துத் தொழிலாளிக்கு ஆதாயமே. வண்டியோடு வருபவர் எம்மொழியினராயினும் அவர் சொல்லும் குறையை விளங்கிக்கொள்பவரிடமே மீண்டும் வருவார்.

இரண்டாவது காரணம் வறுமை. பயிற்சிக் காலத்தில் வருமானம் குறையும். பேருந்துக் கட்டணமும் உணவும் வேண்டும். ‘ஓராண்டு படித்துக் கொண்டிருந்தால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?’ என்று தாய் கேட்பதில் நியாயம் உண்டு. பயிலுநர் முறையில் வேலையோடு கற்பது இதற்கு ஒரு விடை. பணியில் இருந்தவாறே மதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது மற்றொரு விடை. கையில் உள்ள பையனை வகுப்புக்கு விட்டால் வேலை தடைப்படுமே என்று பாஸ்மார் தயங்குவதும் இயல்பே. ஆனால் மின்னணு முறையைக் கற்றுவரும் சீடன் கராஜுக்குப் புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவருகின்றான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது காரணம் மனப்பாங்கு. எண்ணெய்க் கறை படிந்த சட்டையை இழிவென்றும், மேசைக்கு முன் அமரும் வேலையை உயர்வென்றும் கருதும் பழக்கம் இன்னும் மாறவில்லை. பெண்கள் இத்தொழிலுக்கு ஏற்றவரல்லர் என்பதும் அப்பழக்கத்தின் மற்றொரு முகமே. மின்சுற்றைச் சோதிப்பதற்கும், நுண்ணிய பாகங்களை அளந்து பூட்டுவதற்கும் வேண்டியது பொறுமையும் கவனமும். தேயிலைக் கொழுந்தை நொடிக்கு நொடி தெரிந்து கிள்ளும் விரல்களுக்கு அக்கவனம் புதிதன்று. ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் ஊர்தோறும் பெருகிவரும் நாளில், அதைத் திருத்தும் பெண்களும் தோன்றுவது வியப்பன்று.

இத்தொழிலின் மதிப்பை நாடு முழுவதும் உணர்ந்த காலம் ஒன்று அண்மையில் வந்து போயிற்று. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் பொருளாதார நெருக்கடி முற்றி, எரிபொருள் நிலையங்களின் முன்னே மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் எனத் தொடக்கத்தில் வரையறுக்கப்பட்டது. புதிய வண்டி வாங்க வழியில்லை; பழைய வண்டிக்கு உதிரிப்பாகம் அரிது; பெற்றோலோ அளவோடு. அந்நாளில் தேய்ந்த பாகத்துக்கு உயிர்கொடுத்து, காற்றையும் பெற்றோலையும் சரிபார்த்து, ஒரு லீற்றரில் இன்னும் சில கிலோமீற்றர் ஓடச் செய்த தொழிலாளி எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பைக் காத்தார். மோட்டார் சைக்கிள் முதலியவற்றின் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது 2025ஆம் ஆண்டில். இடைப்பட்ட ஐந்தாண்டுகளும் ஊரை ஓடச் செய்தவை கராஜ்களே.

அத்தொழிலாளியின் கைக்கு உரிய கல்வியும், அவர் கல்விக்கு உரிய சான்றும், அச்சான்றுக்கு உரிய ஊதியமும் கிடைத்தல் வேண்டும். பிரதேச செயலகத்திலோ, அண்மையிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்திலோ விசாரித்தால் பயிற்சி எங்கே, எப்போது, எம்மொழியில் என்ற விவரம் கிடைக்கும். பரீட்சை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பெற்றோர் அப்பிள்ளையைத் திட்டுவதற்கு முன்பு ஒருமுறை அவ்விடம் சென்று வருதல் நன்று.

மன்னாரிலிருந்து நடந்து வந்தவர்கள் தம் கால்களைத் தவிர வேறொன்றையும் நம்ப இயலாதிருந்தனர். அவர்களின் வழித்தோன்றல்களுக்கு இன்று எந்திரத்தை ஓடச் செய்யும் கைகள் உள்ளன. காரணம் அறிந்த கைகளாக அவை மாறுமாயின், அடுத்த தலைமுறை மாத்தளைப் பெருந்தெருவில் வெறும் தொழிலாளராக மட்டுமன்றித் தொழில் வல்லுநராகவும் தலைநிமிர்ந்து நிற்கும்.